படம் வராத ஞாயிற்றுக்கிழமை

விஜே வலுசிம்பிக்குக் கொரிய மொழி தெரியாது என்பது நமுவோங்கோ பேட்டையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சீனமும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆங்கிலம் பாதி தெரியும். மீதிப் பாதியை நடிகர்களின் முகத்தைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் விட்டதும், ரயில்பாதையோரம் இருக்கும் ஹாஜி கட்டெரெகாவின் வீடியோ கொட்டகைக்குள் ஜனம் முண்டியடித்துக்கொண்டு நுழைவது திரையில் அடித்துக்கொள்கிறவர்களைப் பார்ப்பதற்காக அல்ல. இவர் வாயைக் கேட்பதற்காக.

படம் ஓட ஓட மைக்கைப் பிடித்துக்கொண்டு அதை ஊர்மொழியான லுகாண்டாவில் சொல்லிக்கொண்டே போவதுதான் விஜே என்கிற அவர் தொழில். சொல்வதென்றால் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று நினைத்துவிடக் கூடாது. ஷாங்காயில் ஒரு தாதா கறுப்புக் காரிலிருந்து இறங்கினால், "பாத்துக்குங்க, ஓட்டு கேட்க மட்டும் நம்ம தெருவுக்கு வர்ற மூஞ்சி இதுதான்" என்பார். கதாநாயகி கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கினால், "போன மாசம் முக்கீபி பெண்டாட்டி பொறந்த வீட்டுக்குக் கிளம்பினாளே, அதே நடை" என்பார். மோட்டார் சைக்கிளில் ஆளேற்றிப் பிழைக்கிற முக்கீபி முதல் பெஞ்சிலிருந்து, "சலோங்கோ, என் குடும்பத்த விடுங்க, கொரியாக்காரன் குடும்பத்தச் சொல்லுங்க!" என்று கத்துவான். கொட்டகை குலுங்கும். வலுசிம்பிக்கு இரட்டைக் குழந்தைகள். அப்படிப்பட்ட தகப்பனைச் சலோங்கோ என்று மரியாதையாக அழைப்பது ஊர் வழக்கம்.

வார நாட்களில் வீட்டில் உட்கார்ந்து படங்களுக்குக் குரல் பதிவார். பதிந்ததை ஊரெங்கும் உள்ள கடைகள் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும். இந்தத் தொழிலில் முந்துகிறவனுக்குத்தான் பேர். ஒரே படத்தைக் கட்வேயில் இருக்கும் ஓர் இளவட்டமும் சொல்வான், இவரும் சொல்வார். எவனுடையது வெள்ளிக்கிழமை கடைக்கு வருகிறதோ அவன் குரல்தான் சனிக்கிழமை எல்லா வீட்டிலும் கேட்கும். சில மாதங்களாகக் கட்வேக்காரன் முந்திக்கொண்டே இருந்தான். வலுசிம்பியின் கம்ப்யூட்டர் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. குரலையும் படத்தையும் ஒன்றாகக் கோத்துத் தருவதற்குள் அது இரண்டு தரம் கொட்டாவி விடும்.

அதனால்தான் நகரத்துக்குப் போய்ப் பழைய ரேம் துண்டுகள் இரண்டு வாங்கிவந்தார். ஏற்கெனவே இருந்த இரண்டும் ஒரு கம்பெனி, வந்தவை வேறு கம்பெனி. அது போதாதென்று ரேமின் வேகத்தைக் கூட்டுவது எப்படி என்று இணையத்தில் ஒரு ரஷ்யப் பையன் செய்துகாட்டிய வீடியோவையும் பார்த்தார். ரஷ்ய மொழி தெரியாதே என்று அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பிழைப்பே தெரியாத மொழியில்தானே! பையன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான், நடுவில் குரலை உயர்த்தினான். உற்சாகத்தில் துள்ளுகிறான் என்று இவர் எடுத்துக்கொண்டார். அவன் எச்சரித்துக்கொண்டிருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

அந்த ஞாயிறு காலை கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு முக்கீபியின் வண்டியில் கொட்டகைக்கு வந்துவிட்டார். கொட்டகையின் ஓரத்தில் ஒட்டுப்பலகையால் அடைத்த சின்ன அறைதான் அவர் இடம். ரேமை எல்லாம் செருகி, ரஷ்யப் பையன் காட்டிய பக்கத்தைத் திறந்து, வேக எண்ணைக் கொஞ்சம் கூட்டினார். கம்ப்யூட்டர் ஒழுங்காகக் கிளம்பியது. சந்தோஷம் தாங்கவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கட்வேக்காரன் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் கூட்டினார். சேமித்து வெளியே வா என்ற பொத்தானை அழுத்தினார்.

திரை கறுத்தது. கறுத்தது கறுத்ததுதான்.

விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, படம் மட்டும் இல்லை. நிறுத்தினார், போட்டார். நிறுத்தினார், போட்டார். மானிட்டர் வயரைப் பிடுங்கிச் செருகினார். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினார். குனிந்து வாயால் ஊதினார், புழுதி கண்ணில் விழுந்ததுதான் மிச்சம். வெளியே பெஞ்சுகள் நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஹாஜி தலையை நீட்டினார். "என்னப்பா, ஆரம்பிக்கலயா? வரிசை சப்பாத்திக் கடை வரைக்கும் நிக்குது."

"கொஞ்சம் சூடாகட்டும் ஹாஜி."

"சூடாகணுமா? இது என்ன கஞ்சியா?" ஹாஜி உள்ளே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "மூச்சு வருது, பேச்சு வரலயே. என் மாமனார் கடைசி நாள்ல இப்படித்தான் கிடந்தாரு."

"ஹாஜி, புண்ணியமாப் போகும், வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

"போன்ல இருந்து போட முடியாதா?"

"படம் இதுக்குள்ளதான் இருக்கு."

படம் மட்டுமா? அவர் பதிந்த குரல் அத்தனையும் அதற்குள்தான் இருந்தது. பாதி முடித்த படங்கள், இரட்டையர் பிறந்த அன்றைக்கு எடுத்த வீடியோ, எல்லாம்.

"அப்ப எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடவா?" என்று ஹாஜி கேட்டுக்கொண்டிருக்கும்போது அறைவாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

ஞாயிறு தவறாமல் கடைசிப் பெஞ்சின் சுவரோரத்தில் உட்காருகிறவள். வெள்ளைச் சல்லாத் துணியைத் தலையில் போட்டிருப்பாள். யாரோடும் பேசிப் பார்த்ததில்லை. எரித்ரியாக்காரி என்ற அளவில்தான் எல்லோருக்கும் தெரியும். அவள் சிரிக்காத முகத்தோடு, திருத்தமான லுகாண்டாவில் சொன்னாள்:

"வழி விடுறீங்களா, இல்ல இந்தக் கதவு இன்னைக்கு ரத்தம் பார்க்கணுமா?"

ஹாஜி சட்டென்று நகர்ந்துவிட்டார். வலுசிம்பி எழுந்தேவிட்டார். "யாரும்மா நீ?"

"என் பேரு அக்பெரெத். டவுன்ல கம்ப்யூட்டர் பாகம் விக்கிற கடையில வேலை பாக்கறேன். கேம் ஆடுற பசங்க மெஷின் எல்லாம் நான்தான் சரி பண்றது. உங்க எதிரி எங்க? காட்டுங்க."

காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். "கடைசியா எதை மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலியே. கரண்ட் விட்டு விட்டு வந்துச்சு, அதுல..."

அவள் நிமிர்ந்தாள். "பொய் சொல்ற வாய்க்குப் பக்கத்துலயே குழி வெட்டியிருக்கு" என்றாள். சொன்ன வேகத்தில் அவளே கூசிப்போய்க் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க சலோங்கோ. இதையே மரியாதையா எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது."

வலுசிம்பிக்குச் சுரீரென்றது. கோபத்தால் அல்ல. அந்த வாக்கியம் அவருடையது. ஏதோ ஒரு ஹாங்காங் படத்தில் ஒற்றைக் கண் வில்லனுக்கு அவர் கொடுத்த வசனம். கதவும் ரத்தமும்கூட அவர் சரக்குதான். ஆனால் அதை யோசித்துக்கொண்டிருக்க அப்போது நேரமில்லை.

"ரேம் வேகத்தக் கூட்டினேம்மா" என்று ஒப்புக்கொண்டார். "ஒரு தடவ கூட்டினேன், ஓடிச்சு. மறுபடி கூட்டினேன்."

"புதுசா ரேமும் போட்டிருக்கீங்க. ரெண்டு ஜாதி." மதர்போர்டின் ஓரத்தில் மிளகளவு விளக்குகள் நான்கு வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அதைத் தொட்டுக் காட்டினாள். "இது ரேமுக்கான விளக்கு. இங்கயே முட்டிக்கிட்டு நிக்குது. நீங்க சொன்ன வேகத்துல அதால ஓட முடியல. ஆனா நீங்க சொன்ன கணக்கத்தான் அது எழுதி வெச்சிருக்கு. ஒவ்வொரு தடவ முழிக்கும்போதும் அதே வேகத்துல ஓடிப் பாக்குது, விழுது."

"செத்துருச்சா?"

"சாகல."

"இதுக்குள்ளதான் என் குரல் எல்லாம் இருக்கும்மா."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை வசனம் எதுவும் வரவில்லை. நிறுத்தி நிறுத்தி, சொல் தேடிச் சொன்னாள். "குரல் டிஸ்க்குல இருக்கு. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல. ரேம்ல எதுவும் தங்காது. கரண்ட் போனா அது எல்லாத்தையும் மறந்துரும். பயப்படாதீங்க."

வலுசிம்பி மூலையில் கிடந்த மஞ்சள் தண்ணீர்க் கேனின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு மனிதருக்குப் பார்வை போய்த் திரும்பி வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் ஹாஜி.

"தெரியாது. எழுதி வெச்சத அழிக்கணும். அப்புறம் ரேம ஒண்ணொண்ணாப் போட்டுப் பாக்கணும். ஒவ்வொரு தடவையும் அது தானா நிக்கும், தானாக் கிளம்பும், தன் ரேம தானே பழகிக்கும். அந்த நேரத்துல யாரும் தொடக் கூடாது. இவ்வளவு நேரம் அது எந்திரிக்கப் பாக்கும்போதெல்லாம் நீங்க தலையில தட்டித் தட்டிப் படுக்க வெச்சிருக்கீங்க."

கொட்டகையில் தரையைக் காலால் உதைக்கத் தொடங்கியிருந்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. அக்பெரெத் மின்வயரைப் பிடுங்கினாள். மிச்சமிருந்த மின்சாரம் வடிவதற்காகப் பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். நாணயம் போலிருந்த சின்ன பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வலுசிம்பியின் கண் மைக்கின் மேல் போனது. ஆம்ப்ளிஃபையர் தனி. அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

மைக்கை வயரோடு இழுத்துக்கொண்டு முன்னால் போய், திரையாகத் தொங்கிய வெறும் வெள்ளைத் துணிக்கு முன்னால் நின்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அங்கே நின்றதே இல்லை. குரலைத்தான் ஊர் அறியும். ஆளை அறிந்தவர்கள் அக்கம்பக்கத்தார் மட்டுமே. வாழைக்காய் விற்கிற ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "இவரா அவரு? குரலக் கேட்டா மலையாட்டம் இருப்பாருன்னுல்ல நெனச்சேன்!" என்றாள். கொட்டகை சிரித்தது. முக்கீபி எழுந்தான். "படத்தப் போடச் சொன்னா ஆளப் போட்டிருக்காங்க! சலோங்கோ, கொஞ்சம் நகருங்க, பின்னால படம் தெரியல!" இன்னும் பெரிய சிரிப்பு.

வலுசிம்பி மைக்கைக் கை மாற்றிக்கொண்டார். எப்போதும் யாராவது ஒரு நடிகரின் முகத்துக்குப் பின்னால் இருந்துதான் அவர் பேசியிருக்கிறார். இன்றைக்கு மறைந்துகொள்ள முகமில்லை.

ஆனால் ஒரு காலம் இருந்தது. ஊரை விட்டு வந்த புதிதில் சந்தையில் மூட்டை தூக்கினார். கொட்டகைக்குள் போக வழியில்லாமல், வெளியே பலகைச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்று, உதையும் குண்டும் அழுகையும் கேட்டு, ஒரு காட்சிகூடப் பார்க்காத படத்தைக் கூட இருந்த மூட்டைக்காரர்களுக்கு முழுசாகச் சொல்வார். அவர்கள் ஒரு கை வேர்க்கடலையை அவருக்குத் தள்ளிவிட்டுக் கேட்பார்கள். அவருக்குள் விஜே பிறந்தது அங்கேதான். அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறானா என்று பார்க்கிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தண்ணி" என்றார். "கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணி. விடிஞ்சும் விடியாத நேரம். ஒத்த ஆளு, ஒத்தப் படகு."

"ஏரியா, கடலா?" என்றது ஒரு குரல்.

"கொரியாக்காரனுக்குக் கடல். உனக்கு ஏரின்னு வெச்சுக்க. அவன் வலையில இன்னைக்கு மீன் இல்ல. ஒரு செருப்பு இருக்கு. பொம்பளச் செருப்பு. எடுத்துப் பாக்கறான். அது யாரு வாங்கிக் கொடுத்த செருப்பு தெரியுமா? இவனே வாங்கிக் கொடுத்தது. மக டவுனுக்குப் படிக்கப் போறாளேன்னு..."

உதைச் சத்தம் நின்றது.

மீனவன் மகளைத் தேடிக் கிளம்பினான். நகரத்தில் உப்பு கடத்தும் கூட்டம் ஒன்று. வலுசிம்பி அந்தக் கூட்டத் தலைவனுக்கு ஒரு தடித்த கழுத்தையும் கீச்சுக் குரலையும் கொடுத்தார். அன்றைக்கு ஓட வேண்டிய கொரியப் படத்தில் அவனுக்குக் கீச்சுக் குரல் கிடையாது. யார் கேட்கப்போகிறார்கள்? வாழைக்காய் அம்மாள், "வலையத் தூக்கிப் போடுய்யா, பொண்ணப் போய்ப் பாரு!" என்று அடித்துக்கொண்டாள். துரத்தல் வந்தபோது மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு அவர் திணறினார். முதல் பெஞ்சிலிருந்து முக்கீபி உதட்டைக் குவித்து வண்டி ஓட்டத் தொடங்கினான். கியர் மாற்றினான், வளைவில் சாய்ந்தான். பின்பெஞ்சுக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

நடுநடுவே வலுசிம்பியின் காது பலகை அறைப்பக்கம் போய்வந்தது. விசிறி கிளம்பும் சத்தம், நிற்கும் சத்தம். மறுபடி கிளம்பும் சத்தம், மறுபடி நிற்கும் சத்தம். ஆனால் கதையை விடவில்லை. மீனவன் கிடங்குக்குள் நுழைந்துவிட்டான். மகள் மூலையில் கட்டுண்டு கிடக்கிறாள். தடித்த கழுத்துக்காரன் கத்தியை உருவிக்கொண்டு அவளை நோக்கிக் கையை நீட்டுகிறான். முதல் பெஞ்சு மொத்தமும் முன்னால் சாய்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாஜிக்குப் பொறுமை போய்விட்டது. தானாக நின்று தானாகக் கிளம்பும் கம்ப்யூட்டரைப் பார்க்க அவருக்குப் பேய் பிடித்தது போலிருந்தது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சுவிட்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார். பலகைக்குப் பின்னாலிருந்து அக்பெரெத்தின் குரல் இடி போல் வந்தது:

"எடு கைய! இன்னும் ஒரு விரக்கடை நகர்ந்தா அந்தக் கை மட்டும் தனியா வீட்டுக்குப் போகும்!"

கொட்டகை அப்படியே எழுந்து நின்றது. கைதட்டல், சீட்டி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிற கூச்சல். வலுசிம்பி மைக்கை இறுகப் பிடித்தார். "கேட்டீங்களா? அதுதான் பொண்ணு! கட்டியிருந்த கயித்த அவளே அறுத்துட்டா! அப்பன் எதுக்கு? கத்தி எதுக்கு? கூட்டத் தலைவன் குலைநடுங்கிப்போய் நிக்கிறான்!"

பலகை அறையில் ஹாஜி உண்மையாகவே அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் வலுசிம்பியின் முதுகுப்பக்கம் வெளிச்சம் பரவியது. கூட்டத்தின் முகங்களில் அது விழுவதைத்தான் அவர் முதலில் பார்த்தார். திரும்பினார். திரையில் படமில்லை. சாம்பல் நிறப் பக்கம், வெள்ளை எழுத்து. பழைய அமைப்புகளுக்குத் திரும்பியாகிவிட்டது, தொடர ஒரு பொத்தானை அழுத்து என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தது. அதைவிட அழகான காட்சியை எந்தச் சினிமாவிலும் அவர் பார்த்ததில்லை. மைக்கை மறந்துவிட்டு, "வெபாலே" என்றார். நன்றி என்கிற அந்த ஒரு சொல் ஒலிபெருக்கியில் கொட்டகை முழுக்கக் கேட்டது. யாருக்கு என்று தெரியாமலேயே ஜனமும் திருப்பிச் சொன்னது.

"படம் வந்துருச்சு, உக்காருங்க!" என்றார் ஹாஜி.

"படம் கிடக்கட்டும் ஹாஜி!" என்று வாழைக்காய் அம்மாள் சீறினாள். "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனாளா இல்லியா? அத முதல்ல முடிக்கச் சொல்லு!"

முடித்தார். தகப்பனும் மகளும் படகில் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகுதான் படம் ஓடியது. அதையும் முதலிலிருந்து சொன்னார். கொரியப் படத்தில் தகப்பன் கடைசியில் செத்துப்போனான். முக்கீபி எழுந்து நியாயம் கேட்டான். "முதல்ல ஓட்டினதுல ஆளு உசுரோடல்ல இருந்தான்?"

"அது நம்ம முடிவு, இது அவங்க முடிவு. உனக்கு எது பிடிக்குதோ அத வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

வெயில் தாழ்ந்து கூட்டம் கலைந்த பிறகு சப்பாத்திக் கடை வாசலில் வலுசிம்பியும் அக்பெரெத்தும் உட்கார்ந்தார்கள். முட்டை சுருட்டிய சப்பாத்தியும் தேநீரும் வந்தன. ரேம் நான்கில் ஒன்று மட்டும் சரியில்லை என்றும், அதை வாங்கிய கடை தனக்குத் தெரிந்ததுதான் என்பதால் மாற்றி வாங்கித் தருவதாகவும் அக்பெரெத் சொன்னாள். "வேகம் கொஞ்சம் கூட்டித் தரவா? கம்பெனிக்காரனே சொல்ற அளவு வரைக்கும் போகலாம். ஆபத்தில்ல."

"வேண்டாம்மா. அது நடந்தே வரட்டும்."

பிறகு அவர் கேட்க நினைத்ததைக் கேட்டார். "அந்த வசனமெல்லாம்..."

"உங்களோடதுதான்" என்றாள் அவள். "நான் இங்க வந்தப்ப ஒரு வார்த்த தெரியாது. கன்சங்காவுல எங்க ஆளுங்க இருக்காங்க, அவங்களோட எங்க மொழியே போதும். ஆனா வேலைக்கு? பஸ்ஸுக்கு? சும்மா நடந்துட்டே இருப்பேன். ஒரு நாள் மழைக்கு இங்க ஒதுங்கினேன். இருட்டா இருந்துச்சு. யாரும் எங்கிருந்து வர்ற, பேப்பர் இருக்கான்னு கேட்கல. நீங்க பேசிட்டே இருந்தீங்க. படத்துல ஒருத்தன் கதவத் திறப்பான், நீங்க கதவுன்னு சொல்வீங்க. ஒருத்தன் அழுவான், அழுறான்னு சொல்வீங்க. எனக்கு அதுதான் பள்ளிக்கூடம்."

"அடப்பாவமே! நான் சொல்றதுல பாதி பொய்யும்மா."

"தெரியும். சிரிப்பு வர்றதெல்லாம் அந்தப் பாதியிலதான்." அவள் முதல் முறையாகச் சிரித்தாள். "வாடகை வீட்டுச் சொந்தக்காரர் ஒரு நாள் தண்ணிக் குழாயப் பூட்டிட்டாரு. நான் போய், 'சாவி எங்கே? சூரியன் மறையறதுக்குள்ள வரலன்னா இந்த ஊர் ஒரு நல்ல மனுஷன இழக்கும்'னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான். அவரு சிரிச்சு சிரிச்சுக் கீழயே உக்காந்துட்டாரு. அன்னைலேருந்து குழாயப் பூட்டுறதே இல்ல. அவரு பெண்டாட்டிதான் என்னைக் கடையில வேலைக்குச் சேர்த்துவிட்டாங்க."

வலுசிம்பி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷமாக முதல் பெஞ்சுக்குத்தான் அவர் பேசியிருக்கிறார். சிரிக்கிறவனுக்கும் சத்தம் போடுகிறவனுக்கும். கடைசிப் பெஞ்சில் ஒருத்தி வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அவள் தன் கம்ப்யூட்டரை எழுப்பித் தந்ததற்கு நன்றி சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டு, "வெபாலே, சலோங்கோ" என்றாள். சரியான தொனியில், வசனமில்லாமல்.

"நான் சொல்ல வேண்டியதும்மா அது."

"அப்ப நீங்களும் சொல்லுங்க."

சொன்னார். இந்தத் தடவை மைக் இல்லை, அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"ஒரு உதவி" என்றாள் அக்பெரெத். "பெரியவர் ஒருத்தர்கிட்ட கைய எடுங்கன்னு மரியாதையா எப்படிச் சொல்றது? ஹாஜிய ரொம்பப் பேசிட்டேன்."

அவர் சொல்லிக் கொடுத்தார். அவள் இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்துபோய், பெஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹாஜியின் முன்னால் அந்த ஊர்ப் பெண்களைப் போலவே முழந்தாளிட்டு, "ஐயா, தயவுசெஞ்சு கொஞ்சம் கைய எடுத்துக்கிறீங்களா?" என்றாள். ஹாஜி முகம் வாடிப்போனது. "என்னம்மா நீ! காலையில சொன்ன மாதிரியே இன்னொரு தடவ சொல்லு. என் பெண்டாட்டிகிட்ட சொல்லிக் காட்டணும், எனக்கு வார்த்த சரியா வரல."

அதற்கடுத்த வாரமும் கட்வேக்காரன்தான் முந்தினான். வலுசிம்பிக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய். வெள்ளிக்கிழமை முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தார். சனிக்கிழமை தெளிந்துவிட்டார். ஏனென்றால் அவருக்கு இப்போது வேறொரு வேலை சேர்ந்திருந்தது. ஞாயிறு தோறும் ஆட்டம் தொடங்குமுன் கடைசிப் பெஞ்சுப்பக்கம் ஒரு முறை பார்ப்பார். அக்பெரெத் தன்னைப் போல் வேறு நாட்டிலிருந்து வந்த சிலரை அழைத்து வந்திருப்பாள். காங்கோவிலிருந்து வந்த இரண்டு பெண்கள், ஒரு சூடான்காரர். இவர்களுக்கு என்ன வார்த்தை வேண்டும் என்று அவளிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வார். அதன் பிறகு படங்களில் விசித்திரங்கள் நடந்தன. துப்பாக்கியை எதிராளியின் நெற்றியில் வைத்துக்கொண்டு ஒரு கொலைகாரன், "அண்ணே, மார்க்கெட்டுக்குப் போக எவ்வளவு? அவ்வளவா? கொறச்சுக்கிட்டு ஏத்திக்கிறீங்களா?" என்று மெதுவாக, தெளிவாக, இரண்டு முறை கேட்பான். குண்டடிபட்டு விழுந்த தாதா சாகுமுன், "நர்ஸம்மா, ரெண்டு நாளாக் காய்ச்சல், ராத்திரியில இருமல் அதிகமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவான்.

"குண்டு பட்டவனுக்கு ஏன் இருமல்?" என்பான் முக்கீபி.

"உள்ள போன குண்டு ஈரமா இருந்துச்சு. நீ படத்தப் பாரு."

ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குக் கீழே, சுவரோரமாக, நான்கைந்து உதடுகள் ஓசையில்லாமல் அதையே சொல்லிப் பார்ப்பதை வலுசிம்பி தன் பலகை அறையின் ஓட்டை வழியாகப் பார்ப்பார்.

காங்கோப் பெண்களில் ஒருத்தி தன் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த வாக்கியத்தை ஒரு சொல் மாறாமல் சொன்னாளாம். ஆனால் சாகிற தாதாவின் கரகரத்த குரலிலேயே சொன்னாளாம். நர்ஸ் பயந்துபோய்க் குழந்தையை விட்டுவிட்டு அவளை முதலில் படுக்க வைத்தாளாம். அக்பெரெத் இதைச் சொல்லிவிட்டு, "இனிமே காய்ச்சலுக்கெல்லாம் நல்ல குரலா இருக்கிற ஆளப் பாத்துக் கொடுங்க சலோங்கோ" என்றாள்.

வலுசிம்பி சரி என்றார். அடுத்த படத்தில் அந்த மாதிரி வசனங்களையெல்லாம் கதாநாயகனின் தாயாருக்குக் கொடுத்துவிட்டார். பாவம், படம் முழுக்க அந்த அம்மாளுக்கு ஒரே வியாதி.